சுரங்கத்து ஆலயத்தில் பெயர் கூப்பிட்ட ஞாயிறு

வெடி கொளுத்திய மறுநாள் தெரு மணக்குமே, அந்த மணம்தான் அந்தச் சிற்றாலயத்தின் சுவரில் இருந்தது. ஆராய்ச்சிக்காக நான் அதை முகரவில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரிலிருந்து மலைப்பாதை வழியாக வான் வண்டியில் குலுங்கி வந்து, புறப்படுமுன் விழுங்கிய அரஞ்சீனா என்ற பொரித்த சோற்றுருண்டைகளை வாசலோரத்தில் வாந்தியாக ஒப்படைத்துவிட்டு, நிற்கப் பலமில்லாமல் சுவரில் மூக்கை வைத்துச் சாய்ந்திருந்தேன். அந்த ஊரில் ஒரு காலத்தில் கந்தகம் வெட்டினார்கள்; வெட்டியவர்கள் போன பிறகும் கல்லுக்குள் மணம் இருந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் இருப்பது கடைசி வாங்கில். ஆனால் எங்கள் கூட்டத்தில் இத்தாலி மொழியில் முழு வசனம் பேசக்கூடியவன் நான் ஒருவனே என்பதால், ஞாயிறுகளில் மட்டும் எனக்கு வெளிநாட்டு மந்திரி பதவி.

பலெர்மோத் தமிழரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுக்கு மாதாவும் திருவிழாவும் பெரிய கோயிலும் இருந்தன. யாழ்ப்பாணத்து மெதடிஸ்தக் குடும்பங்கள் நாலுக்கும் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை இருந்தது. நாங்கள் பாடத் தொடங்கினால் கீழ்வீட்டுக்காரி கூட்டும் தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பாள். அதையும் தாளமாக வைத்துப் பாடினோம். கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, இன்னொரு ஞாயிறு சத்தம் கேட்டால் வீட்டை விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா சம்பளத்துக்குப் பராமரித்த கிழவி ஒருத்திதான், தன் ஊரில் ஒரு மெதடிஸ்த ஆலயம் பூட்டிக் கிடப்பதைச் சொன்னாள். அதன் கடைசி அங்கத்தவரும் சாவிக்குச் சொந்தக்காரருமான கலோஜெரோ என்ற பழைய சுரங்கத் தொழிலாளி, "ஒரு ஞாயிறு வாருங்கள், பார்க்கிறேன்" என்று பதில் அனுப்பியிருந்தார். பிடித்தால் சாவி, பிடிக்காவிட்டால் எங்களுக்கு மேசையும் இல்லை.

கலோஜெரோக் கிழவர் சிரிக்கவில்லை. எங்களை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தபடியே வைத்து, ஆலயத்தின் சரித்திரத்தை எனக்குச் சொன்னார். நான் மற்றவர்களுக்குச் சொன்னேன். அவருடைய பாட்டன் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, அங்கே மெதடிஸ்தராகித் திரும்பியவர். அவரோடு சேர்ந்தவர்களை ஊர்ச் சுரங்க முதலாளி வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார். அவர்களோ வேலை முடிந்து மேலே வரும்போது ஆளுக்கொரு கல்லாகச் சுமந்து இதைக் கட்டினார்கள். பிறகு சுரங்கம் இடிந்தது. உள்ளே போனவர்களின் உடல் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய ஒன்றுமில்லாததால், வேலைக்கு இறங்குமுன் சுரங்க வாசலில் கூப்பிடுவதுபோல இங்கே நின்று பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் வீட்டார் "பிரெசென்தே", அதாவது "இருக்கிறேன்" என்று குரல் கொடுத்தார்கள். அதுதான் அடக்க ஆராதனை. அன்று முதல் எல்லாப் பெயருக்கும் பதில் வந்த பிறகே கதவைச் சாத்தி ஆராதனை தொடங்குவது வழக்கம்.

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி முதற்பெயரைக் கூப்பிட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பெரியவர்களுக்குப் பெயர் கூப்பிடுவது என்றால் ஊரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு, வெயிலில் வரிசை, முகமூடிக்குள்ளிருந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் "தலையாட்டி". கிழவர் மறுபடி கூப்பிட்டார். அவர் தாடை இறுகியது.

"அப்பா, ஆரும் சொல்லுங்கோவன்," என்றேன்.

"வேற ஆளின்ரை பேருக்கு நான் ஓம் எண்டு சொல்லுறதோ? பொலிஸ் குவெஸ்தூராவிலை இப்பிடிச் சொன்னா உள்ளுக்கை போடுவங்கள், விசரா!"

இங்கே பொலிஸும் இல்லை, விசாவும் இல்லை என்று நிரூபிக்க நானே "பிரெசென்தே" என்று கத்தினேன். குரல் உடையும் வயது. பாதி ஆடு, பாதி தகரம். யாரோ சிரித்தார்கள், பயம் உடைந்தது. அடுத்த பெயருக்கு அம்மா சொன்னாள், அதற்கடுத்ததற்கு அப்பாவே சொன்னார். கிழவரின் முகம் சற்று இளகியது.

"உங்கள் ஆட்களிலும் மேலே வராதவர்கள் இருப்பார்கள். பெயரைச் சொல்லுங்கள்," என்றார்.

நான் தமிழில் சொல்லி வாய் மூடுமுன் பூமணி மாமி எழுந்தாள். மாமி பலெர்மோவின் சீசாப் பகுதியில் மாடிப்படி கழுவும் விதவை. ஒரே மகன் வன்னிப் போரில் காணாமற்போனவன்.

"ஜெயசீலன்."

கிழவர் நாக்கைப் புரட்டி, பழுது இல்லாமல் கூப்பிட்டார். எல்லாரும் மாமியைப் பார்த்தோம். கிழவர் இரண்டாம் முறை கூப்பிட்டார். அப்பா குனிந்து, "அக்கா, ஒரு சொல்லுத்தானே. சொல்லிப்போட்டு இருங்கோவன்," என்றார்.

"அடக்கத்துக்குத்தானே அந்தச் சொல்லு? நான் சொல்லமாட்டன்."

"சொல்லாட்டி மனுசன் துவங்கமாட்டார். சாவியும் போச்சு."

"அப்ப நான் சொல்லுறன் அக்கா," என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது! அவன் வந்து சொல்லுவான்."

கிழவர் என்னைப் பார்த்தார். ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று தேடினேன். என் இத்தாலி மொழிக்குள் அவ்வளவு பெரிய பொய் இல்லை. "உடல் கிடைக்கவில்லை. செத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய அம்மா பதில் சொல்லமாட்டாவாம்," என்றேன்.

அவர் நேரே மாமியிடம் நடந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாமியைக் கடந்து வாசலுக்குப் போன கிழவர், சாத்துவதற்குப் பதிலாக, கதவு அடிபடாமல் ஒரு கல்லை உருட்டி முட்டுக் கொடுத்தார்.

"சுரங்கத்துக்குள்ளே ஒருவன் இருந்தால் வாசலை மூடுவதில்லை," என்றார். "பாடுங்கள்."

மலைக்காற்று உள்ளே வந்து பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியது. பாதிப் பேர் ஒரு பாட்டையும் மீதிப் பேர் வேறொன்றையும் பாடினோம். சாவி கிடைத்தது.

சில வருடங்களுக்கு முன் கலோஜெரோ போனார்; அடுத்த மாரியில் கூரை போனது. இப்போது அங்கே சுவர்கள் மட்டும், சுற்றிக் கம்பிவேலி. நாங்கள் சீசாவில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கூடி, ஜெயசீலனின் பெயருக்குப் பதில் வராததால் அங்கேயும் கதவைத் திறந்தபடியே ஆராதனை நடத்துகிறோம். என்னை நம்பிப் பெயர் கூப்பிடும் வேலையைத் தந்திருக்கிறார்கள். குரல் மட்டும் தேறவில்லை.

போன மாதம் பூமணி மாமியும் போய்விட்டாள். அந்த ஞாயிறு ஆராதனைக்கு முன் அப்பா இருமிக்கொண்டு சொன்னார்: "தம்பி, தாயும் போட்டா. இனி ஆரும் ஒருத்தர் அவனுக்குச் சொன்னா என்ன? கதவைச் சாத்தலாம். குளிருது."

நியாயமாகத்தான் இருந்தது. மாமியின் பெயரைக் கூப்பிட்டேன். மண்டபம் முழுக்கப் பதில் சொன்னது. பிறகு ஜெயசீலனைக் கூப்பிட்டு, அப்பாவைப் பார்த்தேன். எல்லாரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்திருந்த கதவைப் பார்த்தார், கோட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.