ஏறாத ஹைட்ரோமீட்டர்

ரவுண்ட் ராக் என்ற ஊரில் வீடு வாங்கியபோது, இரண்டு கார் நிற்கும் கராஜில் பாதி எனக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். அங்கே பியர் காய்ச்ச ஆரம்பித்தேன். பெரிய பானை, கேஸ் அடுப்பு, குழாய்கள், ஐஸ் பெட்டி என்று சேர்ந்து பாதி முக்கால் ஆனது. என் மனைவியின் கார் வெளியே போனது.

டெக்சாஸில் வசந்தகாலம் என்றால் ஆலங்கட்டி மழை. போனில் எச்சரிக்கை வந்ததும் அவள் பழைய கம்பளிகளை அள்ளிக்கொண்டு ஓடிப்போய்க் காருக்குப் போர்த்துவாள். நானும் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடிப்பேன். அந்த அளவுக்கு நல்லவன்.

பியராவது நன்றாக வந்திருந்தால் சொல்லிக்கொள்ளலாம். முளைகட்டிக் காயவைத்த பார்லியை மால்ட் என்பார்கள். அதை உடைத்துச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகித் தண்ணீர் தித்திக்கும். அதில் ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட வேண்டும். சர்க்கரை கூடக்கூட அது மேலே எழும்பும். 1.052 காட்ட வேண்டிய குழாய் எனக்கு 1.034-லேயே உட்கார்ந்திருந்தது. அதைப் புளிக்கவைத்துக் கிடைத்தது பியர் வாசனையுள்ள தண்ணீர். நண்பர்கள் "லைட்டா நல்லா இருக்குடா" என்று பாதி கிளாஸை வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு முன்கோபம் அதிகம்; கண்ணாடிக் குழாயிடம்கூடச் சண்டை போடுவேன். அதை வெறும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சரியாக 1.000 காட்டித் தன் மேல் தப்பில்லை என்றது. தெர்மாமீட்டரை மாற்றினேன். சூட்டோடு அளந்தால் குறைவாகக் காட்டும் என்று படித்து, ஆறவைத்து அளந்தேன். குழாய்த் தண்ணீரை விட்டுக் கேன் தண்ணீருக்கு மாறினேன். இன்னும் பொடியாக உடைத்தால் சர்க்கரை கூடும் என்றார்கள்; கடையில் சொல்லிப் பொடியாக உடைத்து வாங்கினேன். ஊருக்கெல்லாம் கூடுவது எனக்கு 1.029-க்குச் சரிந்தது. எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றி, கலர் அடித்து, மனைவியிடம் காட்டினேன்.

அவள் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவள். அடுத்தவர் வேலையில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு.

"லாஸ்ட் சான்ஸ். இந்த சாட்டர்டே நம்பர் வரலன்னா கராஜ் என் காருக்கு. அழக்கூடாது. வந்துச்சுன்னா நான் கராஜ் பத்தியே பேச மாட்டேன்," என்றாள்.

"ஓகே," என்றேன். வேறென்ன சொல்ல?

சனிக்கிழமை காலை கையில் காபியும் பிரின்ட் எடுத்த ரெசிபியுமாகக் கிச்சனில் வந்து உட்கார்ந்தாள். "நீ எப்பவும் பண்ற மாதிரியே பண்ணு. நான் வாட்ச் பண்றேன்."

உடைத்த மால்ட்டைப் பெரிய குண்டானில் கொட்டினேன். சிங்க்கில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கையால் அலசினேன். பால் மாதிரி வெளுத்திருந்த தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினேன். இரண்டாவது முறை தண்ணீர் விட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். ஜன்னல் வழியாக, வெளியே நின்ற காரை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏய், நிறுத்து. இந்த ஸ்டெப் இதுல எங்க இருக்கு?"

"எந்த ஸ்டெப்?"

"கழுவுறது."

"அரிசி பருப்பெல்லாம் கழுவாமயா போடுவாங்க?"

"இது உடைச்சது! மாவெல்லாம் சிங்க்ல போகுது பாரு. பொடியா உடைச்சப்ப நம்பர் ஏன் இன்னும் இறங்குச்சுன்னு இப்ப தெரியுதா?"

தெரிந்தது. அத்தனை நாளும் பியரின் சத்தை நானே மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி ஊற்றியிருக்கிறேன். எக்செலில் தண்ணீரின் உப்புவரை எழுதியிருந்தேன். கழுவியது ஒரு வரியிலும் இல்லை. கை தானாகச் செய்வதை யார் எழுதுவார்கள்? அவள் ஃபிரிட்ஜில் சாய்ந்து சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நல்லவேளையாக அடுத்த தடவைக்கு வாங்கிய மால்ட் ஒரு பை இருந்தது. அதைக் கழுவாமல் அப்படியே போட்டேன். மதியம் அவளே குனிந்து ஹைட்ரோமீட்டரைப் பார்த்தாள். 1.051. "டெஸ்ட் பாஸ்," என்றாள். குறைந்த ஒரு புள்ளியைப் பற்றி அவள் பேசவே இல்லை.

நான் கராஜில் குதித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "நீ பேசாம இருந்திருந்தா கராஜ் உனக்கு வந்திருக்குமே?"

"தெரியும். ரெண்டு செகண்ட் யோசிச்சேன். ஆனா ஆறு மாசமா நீ அந்தக் குழாய முறைச்சுக்கிட்டே நிக்கறத என்னால பாக்க முடியலடா."

மறுநாள் காலை பானை, அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பின்பக்க பேட்டியோ முற்றத்துக்கு மாற்றினேன். யாரும் கேட்கவில்லை. தோற்றிருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்திருப்பேன். ஜெயித்ததால் விசிலடித்துக்கொண்டே செய்தேன்.

அவள் காரை உள்ளே கொண்டுவந்தாள். இன்ஜினை நிறுத்திய பிறகும் இறங்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.