பிரேக்கில் ஒரு கால்

“ஆக்ஸிலேட்டர் சார் அது, கரப்பான்பூச்சி இல்ல! ஏன் அந்த மிதி மிதிக்கிறீங்க?” என்று அவள் கத்தும்போதே வண்டி நின்றுவிடும். நிறுத்தியது நானல்ல. பயிற்சிப் பள்ளிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவளுடைய வலது கால் எப்போதும் அதன்மேல்தான் இருக்கும். அவளிடம் கார் ஓட்டக் கற்ற எங்களுக்கெல்லாம் அவள் பிரேக்கக்கா. மூன்று முறை டெஸ்ட்டில் தோற்று, நான்காவதில் எப்படியோ தப்பித்தவன் நான்.

தியேட்டரில் கார் துரத்தும் காட்சி வந்தால் முன்சீட்டுக்காரருக்கு அவள் காலால் உதை விழும். கர்ப்பமாக இருந்தபோதும் பாடம் நிற்கவில்லை. பாதி வழியில், “ஓரங்கட்டுங்க சார், அவசரம்” என்று பெட்ரோல் பங்க் கழிப்பறைக்கு ஓடுவாள்.

நாலாம் மாதம் சிறுநீரில் ரத்தம் வந்தது. “மாசமா இருக்கறப்ப நீர்க்கடுப்பு சகஜம்மா” என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி ரத்தம், மறுபடி மாத்திரை. “சிக்னல் ரெண்டு தடவ செவப்பு காட்டுது. பாக்காத மாதிரி போயிடணுமா?” என்று சண்டை போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேனில் குழந்தை சௌக்கியம். பக்கத்தில், சிறுநீர்ப்பைக்குள், திராட்சை அளவில் ஒரு கட்டி. புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள்.

ஐந்தாம் மாதம் அறுவை சிகிச்சை. குழந்தையை நினைத்து முழு மயக்கம் கொடுக்காமல், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். சிறுநீர்ப்பாதை வழியாகக் கேமராக் குழாய் போவதை டிவியில் பார்த்தபடி படுத்திருந்தவள் சும்மா இருப்பாளா? “மெதுவா டாக்டர், மெதுவா! பின்னாடி குழந்தை இருக்கு!” டாக்டரம்மா சிரித்துவிட்டாராம். “என் பிரேக் கால் மரத்துப்போச்சு. இனி வண்டி உங்க கையில” என்றாளாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் வலது காலைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள்.

கட்டி முழுவதையும் சுரண்டி எடுத்தார்கள். புற்றுதான், நல்லவேளை, தசைவரை போகவில்லை. மகள் மாதம் நிறைந்து, கொழுகொழுவென்று பிறந்தாள். ஆனால் அந்தப் பாழாய்ப்போனது திரும்பவும் முளைக்கலாம். அதனால் மூன்று மாதத்துக்கொருமுறை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும்.

நேற்றும் பார்த்தார்கள். கேமரா விடும் நாளில் அவள் ஓட்டக்கூடாது. ஊருக்கே ஓட்டக் கற்றுத்தந்தவளால் வீட்டுக்காரரை மட்டும் ஓட்டப் பழக்க முடியவில்லை. அவர் மகளோடு பின்சீட்டில். பயிற்சிப் பள்ளிக் காரை ஓட்டியது சாட்சாத் நான். போகும்போது ஒன்பது முறை பிரேக் போட்டாள். அதில் ஏழு தேவையே இல்லை.

திரும்பும்போது, “சுத்தமா இருக்காம் சார்” என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். நான் கியரைப் போட்டேன்; வண்டி வழக்கம்போல் ஒரு குலுக்குக் குலுக்கியது. பிரேக்கக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.