ஐந்தடிக்கு நாலடி அம்மா

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். படிக்கட்டில் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளை வேட்டியின் கரை. ஐப்பசி மழை ஆறு நாளாக விடாமல் பெய்து பதுளை நகரமே சேறாகிக் கிடந்தது. அந்தக் கரையில் ஒரு துளி சேறு இல்லை. வாகனத்தை நடைபாதையில் ஏற்றி என் வாசற்படியோடு ஒட்டி நிறுத்தியிருந்தார் என்பது பிறகு ஜன்னலால் பார்த்தபோது தெரிந்தது. போகிறவர்கள் அதைச் சுற்றிச் சேற்றில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வந்தவர் பிரதேச சபை உறுப்பினர். பாதை போடும் கொந்தராத்தும் செய்கிறார். ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். இப்போது நகரத்தில் மாடி வீடு. கொழுந்து பறித்த அவருடைய அம்மா இறந்து இரண்டு வருடம். தோட்டத்தில் ஒரு மண்டபம் கட்டி அம்மாவின் பெயரை வைத்திருந்தார். அதற்கு ஓர் எண்ணெய் ஓவியம் வேண்டும்.

"எவ்வளவு பெரிசு?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். "அஞ்சடிக்கு நாலடி சேர். தொரை பங்களாவுல சாப்பாட்டு அறையில ஒண்ணு தொங்குதே, வெள்ளக்காரத் தொரை, பக்கத்துல நாயோட. அந்த சைஸ். போன மாசம் விருந்துக்குப் போனப்ப டேப் வச்சு அளந்துட்டு வந்தேன்."

விருந்துக்குப் போன இடத்தில் பொக்கெட்டில் டேப் வைத்திருக்கும் மனிதர். சிறு வயதில் அந்தப் பங்களாவின் பின்கதவைத் தாண்டி உள்ளே போனதில்லை என்றும் சொன்னார். தன் அம்மா துரையின் அளவுக்கு இருக்க வேண்டும் என்று ஒரு மகன் நினைப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். அவரைப் பற்றி நான் நல்லதாக நினைத்தது அத்தோடு சரி.

ஒரு காலத்தில் மூன்று வருடம் ஓவியனாக இருந்தேன். எண்ணெய் வண்ணத்தைக் கடைசியாகத் தொட்டு இருபத்தைந்து வருடம். அதன் பிறகு கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசை. மற்றவர்கள் எழுதியதை வெட்டுவது என் வேலை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்து ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியைத் திறந்தபோது ட்யூப்கள் கல்லாகியிருந்தன. புதியவற்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். டர்பன்டைனுக்கும் லின்சீட் எண்ணெய்க்கும் கீழே இறங்கினால் போதும்.

"என்ன சேர், சுவருக்கா?" என்று கேட்டார் கடைக்கார முஸ்லிம் நானா. விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார். "இந்த மழைக்குள்ளயா? நீங்க பூசினது காயிறத்துக்குள்ள அடுத்த எலெக்ஷன் வந்திரும். அவருக்கு நல்லதுதான், ரெண்டையும் சேர்த்துத் திறக்கலாம்."

உறுப்பினர் கொடுத்துப் போனது ஒரு ஸ்டூடியோப் படம். அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெருப்பித்துச் 'சுத்தம்' செய்திருந்தார்கள். ஸ்டூடியோக்காரர்களின் சுத்தம் எப்படிப்பட்டது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சுருக்கத்தை எடுத்துவிடுவார்கள், நிறத்தை ஏற்றுவார்கள், கழுத்தில் இல்லாத சங்கிலியைப் போடுவார்கள். மிஞ்சியிருந்தது இரண்டு கண்ணும், மாப் பூசினாற்போல் வெளுத்த முகமும். அசல் அட்டை எங்கே என்று கேட்டேன். மரணத்தைப் பதியும்போது ஒப்படைத்தாயிற்று. வேறு படம் கிடையாது. "தங்கச்சிகிட்ட ஒரு போட்டோ கொப்பி இருக்கும். அது ஒண்ணுக்கும் உதவாது" என்றார்.

அதற்காகவே அதைப் பார்க்கப் போனேன்.

தங்கச்சி இன்னும் அதே லயத்தில், அம்மா இருந்த அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறாள். ஐம்பதை நெருங்கும் பெண். கொழுந்துதான் பறிக்கிறாள். நான் போனது ஞாயிற்றுக்கிழமை. தகரப் பெட்டியிலிருந்து அம்மாவின் சேமலாப நிதிக் கடிதங்களை எடுத்தாள். அவற்றோடு அடையாள அட்டையின் நிழற்பிரதி. நிழற்பிரதியில் முகங்கள் எப்படி வருமோ அப்படித்தான் வந்திருந்தது. கரிக்கட்டி மாதிரி ஒரு கறுப்பு. அதன் குறுக்கே, மயிர் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வெளிறிய ஒரு கோடு.

"இது அச்சுக் கோளாறா?" என்றேன்.

"இல்லைங்க ஐயா. நெத்தியில மாட்டுற கொழுந்துக் கூடைக் கயிறு." தன் தலையிலிருந்த சேலையை விலக்கிக் காட்டினாள். அவள் நெற்றியிலும் அதே இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், மழமழப்பாக. "பதினாறு வயசுலேருந்து கயிறு அதே எடத்துலதானே நிக்குது. எனக்கும் விழுந்திருச்சு. இப்ப இருக்கிற புள்ளைக எல்லாம் பையில போடுதுக, அதுகளுக்கு இல்ல."

பிறகு பிரதியை மடிக்காமல் திரும்ப வைத்தபடி சொன்னாள்: "எனக்கு அம்மா மூஞ்சி மறந்துகிட்டு வருதுங்க. சத்தம் ஞாபகம் இருக்கு, கை ஞாபகம் இருக்கு. மூஞ்சிய நெனச்சா இந்தக் கறுப்புதான் வருது. அண்ணன் வச்சிருக்கிறது அம்மா இல்லங்க. அது யாரோ டீச்சர். நீங்களாவது அம்மாவ வரைஞ்சிருங்க."

நான் அவளை இரண்டு மணி நேரம் வாசலில் உட்காரவைத்துப் பென்சிலில் எடுத்துக்கொண்டேன். பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, "என்னடி, உன்னையும் மண்டபத்துல மாட்டப் போறாங்களா? அதுக்கு நீ மொதல்ல சாகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் இரண்டு வாரம் கை செய்ததைப் பற்றி எழுத அதிகமில்லை. மூக்கு, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதற்கு மேல் அதைப் பாராட்ட முடியாது. முன்பு எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் இன்னும் தெரியும் என்ற நினைப்பு மட்டும் தங்கியிருந்தது; நினைப்பு தூரிகையைப் பிடிக்காது. மூன்று தரம் துணியால் துடைத்தெறிந்தேன். நான்காம் தரம் கெட்டிக்காரத்தனம் எதையும் செய்யாமல், டர்பன்டைனில் கரைத்த மெல்லிய பழுப்பில் நிழலை மட்டும் போட்டுக்கொண்டு வந்தேன். மெல்லியதாக இருந்ததால் ஈரத்திலும் காய்ந்தது. மூன்றாம் வாரக் கடைசியில் கித்தானில் ஒரு பெண் இருந்தாள்.

தங்கச்சி சந்தைக்கு வந்த அன்று மேலே ஏறி வந்தாள். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்து, நெடுநேரம் பார்த்தாள்.

"வாய் இது இல்லைங்க."

"ஏன்?"

"அம்மா வெத்தல அடக்கிக்கிட்டே இருப்பாங்க. இந்தப் பக்கம் உப்பினாப்புல இருக்கும். யாராச்சும் பேசினா வாயத் தெறக்காம மொறைப்பாங்க."

அவள் நிற்கும்போதே இடது கன்னத்தில் நிழலை மாற்றி உதட்டை இறுக்கினேன். பத்து நிமிட வேலை. அவள் ஓர் அடி பின்னால் போனாள். தலையிலிருந்த சேலை நழுவியதை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இப்ப மொறைக்கிறாங்க," என்றாள். "அம்மாதான்."

என் மூன்று வருட ஓவிய வாழ்விலும் இருபத்திரண்டு வருடப் பத்திரிகை வாழ்விலும் இப்படி ஒரு வரி எனக்குக் கிடைத்ததில்லை. அதை வைத்துக்கொண்டு நான் செய்தது என்ன என்பதையும் எழுத வேண்டும்.

திறப்பு விழாவுக்கு ஏழு நாள் இருந்தபோது உறுப்பினர் வந்தார். அன்றும் வேட்டியில் சேறில்லை. படத்துக்கு முன்னால் நின்றார். முகம் ஒரு கணம் சின்னப் பையனின் முகமாகியது, நான் பார்த்தேன். உடனே சரி செய்துகொண்டார்.

"என்ன சேர், அம்மாவத் தொழிலாளி மாதிரி வரைஞ்சிருக்கீங்க?"

"தொழிலாளிதானே?"

"அது அப்போங்க."

செத்தவளுக்கு 'அப்போ' தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அவர் விரலால் நெற்றியைக் காட்டினார். "இந்தக் கோட்ட எடுத்துருங்க. நெறத்தக் கொஞ்சம் ஏத்துங்க. பெரிய ஆளுங்க எல்லாம் வாராங்க. செத்த பொறகும் எங்கம்மா கூடையத் தூக்கணுமா?"

கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. அது அவரிடமிருந்து வந்தது என்பதுதான் அதிலிருந்த ஒரே குறை. ஆனால் நான் பணிந்தது அந்தக் கேள்விக்காக என்று சொன்னால் பொய். செய்தி மேசையில் ஓர் ஆயுள் உட்கார்ந்தவன் நான். மேலிடத்திலிருந்து வந்து, செய்தியில் இந்தப் பந்தி வேண்டாம் என்றால் அந்தப் பந்தியை எடுத்துவிட்டு, எடுத்த இடம் தெரியாமல் மேலும் கீழும் ஒட்டிக் கொடுப்பேன். அதில் எனக்குப் பெயர் இருந்தது. தூரிகை பிடிக்க மறந்த கை அதை மட்டும் மறக்கவில்லை. இரண்டு நாளில் கோட்டை மூடினேன். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாவற்றுக்கும் வெள்ளையும் மஞ்சளும் கலந்து, சீக்கிரம் இழுபடட்டும் என்று லின்சீட் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பூசினேன். டீச்சர் திரும்பி வந்தார்.

ஏற்றிக்கொண்டு போக ஆட்கள் வந்தபோது உறுப்பினரிடம் சொன்னேன்: "மேல் பூச்சு ஈரம். ஒரு மாசத்துக்கு யாரும் தொடக்கூடாது."

"மேடையில வச்சுத் திரையத்தான் சேர் வெலக்குவோம். யாரு தொடப் போறா?" என்றார்.

அவரும் லயத்தில் பிறந்தவர். அங்கே படத்துக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டியது. எனக்கும்தான்.

விழா காலை பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள், பதினொன்றரைக்குத் தொடங்கியது. முன்வரிசையில் பிளாஸ்டிக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போட்டிருந்தது. தோட்டத்துப் பெண்கள் பின்னால் நின்றார்கள். மூன்று பேச்சுகள். மூன்றிலும் 'தியாகம்' என்ற சொல் வந்தது. எதில் எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டிருந்தேன், பழக்கம். திரையை விலக்கினார்கள். கை தட்டினார்கள். ஒலிபெருக்கிக்காரர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்து, "இப்பொழுது அன்னாரின் புதல்வி குத்துவிளக்கேற்றித் திருவுருவப் படத்துக்குப் பொட்டிடுவார்" என்றார்.

தங்கச்சி மேடைக்கு வந்தாள். புதுச் சேலை. விளக்கை ஏற்றினாள். சந்தனக் கிண்ணத்தை இடது கையில் வாங்கினாள். காம்பராக்களில் தெய்வப் படங்களும் செத்தவர்களின் படங்களும் ஒரே வரிசையில் கண்ணாடிக்குள் தொங்கும். வெள்ளிக்கிழமை தோறும் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, பழைய பொட்டை எடுத்து, புதுப் பொட்டு வைப்பார்கள். துடைக்காமல் வைக்கிற வழக்கம் கிடையாது.

அவள் முந்தானையை எடுத்து நெற்றியை இடமிருந்து வலமாக அழுத்தித் துடைத்தாள்.

வெள்ளை அப்படியே துணியோடு வந்தது. கீழே காய்ந்திருந்த பழுப்பும் அதன் குறுக்கே கயிற்றுக் கோடும் வெளியே தெரிந்தன.

"ஏய், தொடாத! தொடாத!" என்றார் உறுப்பினர். கையிலிருந்த மைக் அதை மலை முழுவதற்கும் சொன்னது.

அவள் முந்தானையில் இருந்த வெள்ளையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, இன்னொரு தரம் துடைத்தாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "அடியே, இப்பதான்டி நம்ம பெரியம்மா!" யாரோ சிரித்தார்கள். யாரோ அழத் தொடங்கினார்கள். முன்வரிசை தன் தொலைபேசிகளைப் பார்த்தது. இரண்டு பேர் ஓடிவந்து திரையை இழுத்து மூடினார்கள். பொட்டு வைக்கப்படவில்லை.

அடுத்த வாரம் மண்டபத்தில், ஓவியத்துக்குப் போட்டிருந்த தேக்குச் சட்டத்தில், ஸ்டூடியோப் படத்தை டிஜிட்டலில் பெரிதாக்கி மாட்டினார்கள். உறுப்பினர் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. ஓவியத்தைத் தங்கச்சி கேட்டாளாம். எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். நாலு பெண்கள் பொலித்தீன் மழைக் கடதாசியைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போகாமல் இருந்ததற்கு நான் மழையைக் காரணமாக வைத்திருந்தேன்.

தை பிறந்து பல நாள் கழித்துத்தான் போனேன். படம் காம்பராச் சுவரில் சாய்ந்து நின்றது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன, கோட்டுக்குச் சற்றுக் கீழே, அளவாக. தங்கச்சி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள்.

"கெடுத்துப்புடுவேனோன்னு பயந்துகிட்டுக் கன்னத்துல கைய வைக்காம இருந்தேங்க," என்றாள். "நீங்க வந்தாக் கேப்போம்னு. மிச்ச வெள்ளையையும் தொடைச்சிரலாமுங்களா ஐயா?"

கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். கழுத்தையும் தொட்டுப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.