ஐடியா சாருக்கு அம்மா சொன்ன யோசனைகள்

ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, சில நாள் தங்கி, வடிந்துபோன பிறகு ஒரு நாற்றம் மிஞ்சும். சேறும் ஊறிய துணியும் செத்த மண்புழுவும் கலந்த அந்த நாற்றத்தை ஃபினாயில் ஊற்றியும் விரட்ட முடியாது, சாம்பிராணி போட்டும் விரட்ட முடியாது. சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு அடுத்த கோடை வரை நம்மோடு குடித்தனம் நடத்தும். செம்பாக்கத்தில் நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷத்தின் மிச்ச நாளெல்லாம் என் சீருடையில் அந்த வாடை இருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் ஒரே ஆள் மேல்தான். அவருடைய நிஜப் பெயரை எழுத எனக்கு மனசில்லை. தெரு அவருக்கு வைத்திருந்த பெயரே போதும். "ஐடியா சார்".

அவர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டை ஒட்டியிருந்த காலி மனை அவருடையது. மனைவியோடு அதே தெருக்கோடியில் வாடகைக்கு இருந்தார். சாயங்காலமானால் மனையைப் பார்க்க வருகிற சாக்கில் எங்கள் கேட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். சைக்கிள், குழாய், வெள்ளையடிப்பது, செடி வளர்ப்பது என்று எதைப் பற்றியும் அவரிடம் யோசனை உண்டு. கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். என் அப்பா ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, ஆணி அடித்தால் விரலில் அடித்துக்கொள்கிற ரகம். "அவர் ஃபேக்டரியில இருக்கறவர், தெரியாமயா சொல்வார்?" என்பதுதான் அப்பாவின் ஒரே பதில்.

முதலில் என் சைக்கிள். பிரேக் பிடித்தால் "கீச்"சென்று சத்தம் போட்டது. கேட்டில் நின்றபடியே ஐடியா சார் அப்பாவிடம், "இதுக்குப் போய் கடைக்கா போவாங்க? பிரேக் கட்டையில ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்க சார்" என்றார். அப்பா தாராளமாக நாலு சொட்டு விட்டார். சத்தம் நின்றது, பிரேக்கும் நின்றது. ஏரிக்கரைச் சரிவில் நான் இறங்கியபோது கைப்பிடியை எவ்வளவு அழுத்தியும் வண்டி நிற்காமல் போய் வேலிக்காத்தான் புதரில் என்னைக் கொட்டியது. மோவாயில் அந்த முள் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. வாசகர்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன்: பிரேக் ரப்பரில் எண்ணெய் படவே கூடாது, சத்தம் வந்தால் ரப்பரை எடுத்து உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மாட்டினால் போதும்.

பிறகு அம்மாவின் மல்லிகை. தென்னைக்குக் கல்லுப்புப் போடுகிறோமே, மல்லிக்கும் ஒரு கை போட்டால் பூ கொட்டும் என்றார் ஐடியா சார். அப்பா ஒரு கை போட்டார். பந்தல் முழுக்கப் படர்ந்து, தெருவில் பாதிப் பெண்களுக்குப் பூக் கொடுத்துக்கொண்டிருந்த கொடி ஒரே மாதத்தில் காய்ந்து சருகாயிற்று. ஐடியா சார் வந்து சருகை முகர்ந்து பார்த்துவிட்டு, "பூச்சி அடிச்சிருக்கு" என்றார்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. பெரிய யோசனையை அவர் அதற்கும் முன்பே, எங்கள் வீடு கட்டியபோதே சொல்லிவிட்டிருந்தார்.

என் அம்மா செம்பாக்கத்துக்காரி. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில் பிறந்து, இன்றைக்குத் தெருக்களாகிவிட்ட வயல்களில் களை எடுப்பவர்களுக்குக் கூழ் சுமந்துகொண்டு போனவள். ஏரி நிரம்பினால், உபரி நீர் போகக் கட்டிய "கலங்கல்" தாண்டி வழிகிற தண்ணீர் எந்த மனை வழியாக ஓடும் என்பது அவளுக்குத் தன் அடுக்களை மாதிரித் தெரியும். கடகால் தோண்டும்போதே, "மூணடி தூக்கிப் போடச் சொல்லுங்க. ஏரி ரொம்புனா தண்ணி நம்ம வூட்டு வழியாத்தான் போவும்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். தெருவில் பேஸ்மெண்ட் என்று சொல்லும் தரைமட்டத்தைத்தான் சொன்னாள். பக்கத்து மனைக்காரரான ஐடியா சார் கேட்டுக்கொண்டே வந்து சிரித்தாராம். "மூணடியா? கொட்டற மண்ணுக்கே இன்னொரு வீடு கட்டிடலாம் சார். லேடீஸ் அப்படித்தான் பயப்படுவாங்க. ஒரு அடி தாராளம்." அப்பா ஒரு அடி போட்டார்.

ஏழாம் வகுப்பில் ஏரி நிரம்பியது. விடியற்காலையில் நான் கட்டிலிலிருந்து காலை இறக்கினேன், முழங்கால் வரை தண்ணீரில் இறங்கியது. அரிசி டிரம் கவிழ்ந்து கிடந்தது. என் புத்தகங்கள் மிதந்தன. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை அம்மா இழுத்துத் திறந்தபோது அவளுடைய அரக்குக் கூரைப்புடவையின் சாயம் மற்ற எல்லாப் புடவைகளிலும் இறங்கியிருந்தது. அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒருமுறைதான். அந்த நேரம் பார்த்து, பேண்டை மடித்துவிட்டுக் குடை பிடித்துக்கொண்டு ஐடியா சார் வாசலில் வந்து நின்றார்.

"நான் அப்பவே சொன்னேனே சார், வாசல்ல ஒரு தடுப்புக் கட்டச் சொல்லி. நீங்கதான் காதுல போட்டுக்கல."

அப்படி எதையும் அவர் சொல்லியிருக்கவில்லை. அம்மா நனைந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அழுகை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குள்ளேயே இடிபாட்டு மண்ணைக் கொட்டித் தரையை இரண்டடி உயர்த்தினோம். சுவரும் கூரையும் இருந்த இடத்தில் இருக்க, தரை மட்டும் மேலே வந்தது. கதவுகளை அடியில் அறுக்க வேண்டியதாயிற்று, நிலைவாசல் குட்டையாகிப்போனது. உயரமான என் அப்பா, ஐடியா சாரின் பேச்சைக் கேட்ட பாவத்துக்கு, அன்று முதல் ஒவ்வோர் அறைக்குள்ளும் தலைகுனிந்துதான் நுழைந்தார். மறந்தால் நெற்றியில் "ணங்" என்று இடிக்கும். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அடுத்த தை மாதம் ஐடியா சார் தன் மனையில் வீடு கட்ட ஆரம்பித்தார். அம்மா அவரைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினாள். அவருடைய மனைவி கோமதி அக்கா, எனக்கு எம்ப்ராய்டரி சொல்லிக்கொடுத்தவர், மெதுவாகப் பேசுபவர். அடுக்களை ஜன்னலைக் கிழக்கே வைத்தால் காலை வெளிச்சம் வரும் என்று அவர் கேட்டார். சார் மேற்கே வைத்தார். அலமாரி கீழே வேண்டும் என்று கேட்டார். சார் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். யார் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகச் செய்வது அவர் பிறவிக் குணம், சொன்னது பெண்பிள்ளையாக இருந்துவிட்டால் இரட்டிப்பு வேகத்தில் செய்வார் என்பது அம்மாவுக்கு உறுதியாகிவிட்டது.

அதன் பிறகு அம்மா அவருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தாள், அதுவும் கேட்டுக்கு வெளியே வந்து, நாலு பேர் காதில் விழும்படி. ஒவ்வொன்றும் சுத்தமான, சத்தியமான யோசனை. "தென்னங்கன்னைச் சுவத்தை வுட்டுத் தள்ளி வைங்க சார், வேரு சுவத்தைப் பொளந்துடும்." மறுநாள் கன்று சுவரை ஒட்டி நின்றது. "மொட்டை மாடிக்கு நல்லா வாட்டம் வெச்சுப் போடுங்க சார், தண்ணி நின்னா ஒழுகும்." மாடித் தளம் கேரம் போர்டு மாதிரி சமதளமாக வந்தது. எனக்குத் தாங்கவில்லை. "அந்த ஆளுக்குப் போய் ஏம்மா நல்லதா சொல்லித் தர்ற?" என்று கத்தினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "நல்லதைத்தான்டி சொல்லணும். அப்பத்தான் செய்ய மாட்டாரு" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அதற்குப் பிறகு அவளுடைய சேனையில் நானும் ஒரு சிப்பாய்.

மாடித் தளம் கூட இருக்கட்டும். அறைகளுக்கு உள்ளே மண் நிரப்பித் தரைமட்டத்தை எங்கே நிறுத்துவது என்பதுதான் மிச்சமிருந்தது. எங்கள் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. அம்மா மூன்றடி என்று சொல்லிவைத்தாள். ஆனால் ஒரு சங்கடம் வந்தது. மேஸ்திரி அம்மாவின் பக்கம் பேசிவிட்டார். "அம்மா சொல்றது கரெக்ட்டு சார். ரோடு வேற வருசத்துக்கு வருசம் மேல ஏறிகினே கீது. மூணடி இல்லாங்காட்டி பேஜாராப் பூடும்." ஆண்பிள்ளை, அதுவும் வேலை தெரிந்தவர் சொன்னதால் ஐடியா சார் தடுமாறினார். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் மட்டம் காட்டும் நூல், சுவரைச் சுற்றி மூன்றடி உயரத்தில் கட்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. திருநீர்மலை இருக்கிற திசையைப் பார்த்து, "ரங்கநாதா, அந்த ஆள் உருப்பட்டுடக் கூடாது" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அம்மா சாமியை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. முகம் கழுவி, புடவையை மாற்றிக்கொண்டு பக்கத்து மனைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மேஸ்திரியும் சித்தாள்களும் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கோமதி அக்கா எல்லாருக்கும் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா நூலைப் பார்த்தாள், முகமெல்லாம் மலர்ந்தாள்.

"பரவாயில்லையே சார்! நான் சொன்ன மாதிரியே மூணடி போடுறீங்க. எங்க வூட்டுக்காரரு கூட என் பேச்சைக் கேக்கல, நீங்க கேட்டீங்க. ரொம்ப சந்தோசம்."

ஒரு சித்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐடியா சாரின் காது சிவந்ததை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் நூல் ஒரு அடிக்கு இறங்கியிருந்தது. அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். எதற்கு என்று கேட்ட அப்பாவுக்கு, சும்மா என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் ஏமாற்றிவிட்டுப் போனது. நானும் அம்மாவும் மேகம் கறுக்கும்போதெல்லாம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்குவோம். மூன்றாவது வருஷம் ஏரி கலங்கல் தாண்டியது. எங்கள் வாசற்படியை நனைத்த தண்ணீர் உயர்த்திய தரையைத் தொட முடியாமல் திரும்பி, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தது. ஐடியா சார் தண்ணீரில் நின்றுகொண்டு புத்தம்புது சோபாவை எதன் மேல் தூக்கி வைப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. பிறகும் அப்படி ஒரு நாள் வாய்த்ததா என்பது சந்தேகம். அம்மா கைப்பிடிச் சுவரிலிருந்து குனிந்து, "வாசல்ல ஒரு தடுப்புக் கட்டியிருக்கலாமே சார்" என்று கத்தினாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோமதி அக்கா மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் வடியும் வரை தங்கினார். அம்மா அவருக்கு உலர்ந்த புடவை கொடுத்தாள், சூடாக ரசம் வைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு அந்த வீட்டின் ஈரம் காயவே இல்லை. கீழே தரை ஈரத்தில் ஊறிப் பொதுமியது, மேலே தளம் ஒழுகியது, தென்னை வேர் சுவரைப் பிளந்தது. ஐடியா சார் பகலெல்லாம் பட்டறையில் இருந்தார். அந்த ஈரத்துக்குள் நாள் முழுக்க இருந்தவர் கோமதி அக்கா. இரண்டு வருஷத்தில் அவருக்கு வீசிங் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் இழுத்து இழுத்து மூச்சு விடுவது எங்கள் அடுக்களைக்குக் கேட்கும். அம்மா அப்போது குழாயைத் திறந்துவிட்டு, இல்லாத பாத்திரத்தைத் துலக்குவாள். என் வஞ்சம் அப்போதும் குறையவில்லை, ஆனால் பேச்சில் அது வராமல் பார்த்துக்கொண்டேன்.

இன்றைக்கு அந்த வீடு இல்லை. விற்று, இடித்து, தூண்கள் மேல் அடுக்குமாடி எழுப்பி, கீழே கார் நிறுத்துகிறார்கள். தண்ணீர் வந்தால் கார்களுக்குத்தான் கேடு. கலங்கல் தண்ணீர் ஓடிய வழியில் கல்யாண மண்டபம் நிற்கிறது. வேலிக்காத்தான் புதர் இல்லை, சைக்கிளில் இறங்கும் சரிவு இல்லை, மேஸ்திரி சொன்னபடி ரோடு ஏறி ஏறி எங்கள் கேட்டை விழுங்கிவிட்டதால் இப்போது வீட்டுக்குள் படி இறங்கித்தான் போகிறோம். நிலைவாசலில் குனிகிற அப்பாவும் இல்லை. ஐடியா சார் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். நான் துக்கம் கேட்கப் போகவில்லை.

இந்த ஐப்பசியில் கோமதி அக்கா அம்மாவைப் பார்க்க வந்தார். மகனோடு வேளச்சேரிப் பக்கம் இருக்கிறாராம். கைப்பையில் இன்ஹேலர் இருந்தது, பேச்சுக்கு நடுவே எடுத்து இழுத்துக்கொண்டார். மழையைப் பற்றிப் பேச்சு வந்ததும் அம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு வந்து மூணடின்னு அவரைப் பாராட்டினீங்களே அக்கா, டீ ஊத்திக்கிட்டிருந்தப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வருஷக்கணக்காகத் தொண்டையில் வைத்திருந்ததை ஒரேயடியாகச் சொன்னாள். "உன்னை நெனக்காமப் போய்ட்டேன் கோமதி. அந்த ஆள் மேல இருந்த ஆத்திரத்துல உன்னை நெனக்கவே இல்ல. மன்னிச்சுடு."

"நீங்க எதுக்குக்கா? அன்னிக்கு ராத்திரி சாதம் போடும்போது 'ஒரு அடி போதுமே, எதுக்கு மூணடி'ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எனக்கு எதிரா நூலை மூணடியிலயே விட்டிருப்பார். வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

"ஏன்கா?" என்றேன் நான்.

"அந்த வீட்டுல நான் கேட்ட ஒரு ஜன்னல்கூட வைக்கல அவர். ஒரு தடவையாவது நனையட்டும்னு இருந்துச்சு." இன்ஹேலரை ஒரு முறை இழுத்து, மூச்சை நிறுத்தி, விட்டார். பிறகு அம்மாவின் முழங்கையைத் தட்டினார்.

"நல்லா நனைஞ்சார், இல்லக்கா?"