சுண்ணாம்புக் கோடு

பிள்ளைகளா, ஒரு வெள்ளைக் கோட்டைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி ஷெட் கட்டுவதற்காக நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தோம். நான் பொக்லைன் ஓட்டினேன். அளந்து குறித்துக் கொடுப்பவர் சர்வேயர் மேடம். குன்றத்தூரிலிருந்து வருவார், என்னைவிடச் சின்னவர். நிலத்தின் ஓரத்தில், முள்ளுக்குள், ஆள் உட்காரும் உயரத்தில் கற்கள் வட்டமாக நின்றன. சும்மா கிடக்கிற பாறைதானே என்று ஒன்றின்மேல் உட்கார்ந்து சோறு தின்றேன்.

"இன்னாண்ணா, பேர் தெரியாத பெரியவர் தலைமாட்டுல குந்திக்கினு துன்றியே, அவருக்கு ஒரு வாய் குடுத்தியா?" என்று மேடம் சிரித்தார். கோயில்களெல்லாம் வருவதற்கு முன்னால் இருந்தவர்கள், செத்தவர்களைப் புதைத்துச் சுற்றிக் கல் நட்ட இடமாம் அது. பிறகு வரைபடத்தை விரித்தார். "நம்ம ஷெட்டுக்கு ஆயுசு முப்பது வருசம்னு இதுலயே போட்டுக்கீது. அவன் பாரு, முடிவே போடாம நட்டுட்டுப் போய்க்கீறான்." வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. முகம் பார்க்கப்போகாத பிள்ளைகளுக்காக எவனோ கல் இழுத்திருக்கிறான். நான் அடுத்த ஷிஃப்டுக்கு மேல் யோசித்தவனில்லை.

அந்தக் கற்களை விட்டுவிட்டு வேலை செய்யலாமா என்று மேலே கேட்டிருப்பதாக அவர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் கழித்துக் காலையில் போனால், கற்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. எங்கள் வேலையில் சுண்ணாம்பு போட்டால் தோண்டு என்று அர்த்தம். பாவம், மேலே ஒத்துக்கொள்ளவில்லைபோல, அவர் கையாலேயே கோடு போட வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டீ வேளைக்குள் எல்லாம் புரண்டுவிட்டது. லாரி வாரிக்கொண்டு போனது.

அவர் வந்து, புரண்ட மண்ணை ஒருமுறை சுற்றி நடந்தார். "தொடாதேன்னு சொல்லத்தாண்ணா சுத்திப் போட்டேன். நேத்து சாயங்காலம்தான் ஒத்துக்கினாங்க." திட்டுவார் என்று நின்றேன். "கொடி நட்டுருக்கணும். எம்மேலதான் தப்பு" என்றார். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம். விசாரித்த மேலதிகாரிகளிடமும் அப்படியே சொன்னாராம். அடுத்த வாரம் வேறு சர்வேயர் வந்தார். மேடம் எங்கே போனார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பஸ் அந்த நீல ஷெட்டைத் தாண்டும்போது, அப்பா வேலை செய்த இடம் என்று நீங்கள் கைகாட்டுகிறீர்கள். நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

கற்களைப் புரட்டிய அன்றைக்கு, ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் போன பிறகு, நான் மட்டும் அங்கே திரும்பிப் போனேன். கல் நின்ற குழி ஒன்று சிதையாமல் இருந்தது. கையை விட்டேன், முழங்கை வரை போனது. கல் ஆடாமல் இருக்க அவர்கள் இடுக்கில் செருகிய சில்லுகள் இன்னும் இறுக்கமாக இருந்தன. ஒன்றைக்கூட என்னால் அசைக்க முடியவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளித் தள்ளி அதை மூடினேன்.