அம்மா அறையின் நாலாவது பக்கம்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த காரியம், ஒரு மரப்பட்டையைத் தப்பாக வெட்டியது.

சுவரும் கூரையும் சேரும் இடத்தை மறைத்து ஓடும் அலங்காரப் பட்டை அது. ஊரில் பாதி வீடுகளுக்கு அப்பாதான் அதை ஒட்டியிருந்தார். சொந்த வீட்டுக்கு மட்டும் எப்போது கேட்டாலும் "அடுத்த மாசம்". அம்மா கேட்பதை நிறுத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூட்டுவலி வந்து அம்மா பாதி நாள் மல்லாந்து படுத்தே கிடந்தாள். பார்ப்பதற்குக் கூரையை விட்டால் வேறு எதுவும் இல்லை.

மூன்று பக்கம் முடிந்துவிட்டது. நாலாவது, ஜன்னல் இருக்கும் நீளச் சுவர். மகள் ஏணியில் ஏறி மூலையில் கோணமானியை வைத்துப் பார்த்தாள். தொழிற்சாலையில் அளவுகளைச் சோதிப்பது அவள் வேலை.

"தொண்ணூத்திரண்டுப்பா. நாப்பத்தஞ்சுல ஒண்ணு குறைச்சு மெஷினை நாப்பத்தினாலுல வைங்க."

"அந்தக் கொத்தனாரைச் சொல்லணும். செவுத்தை விசிறி மாதிரி விரிச்சு வச்சுட்டுப் போயிருக்கான்."

கோணம் வைப்பது பெரிய விஷயமில்லை. இந்தப் பட்டையை ரம்ப மேசையில் தலைகீழாகச் சாய்த்து வைக்க வேண்டும். கூரையைத் தொடும் விளிம்பு கீழே வரும். அப்போது இடது எது, வலது எது என்று பழகிய கைக்கே குழம்பிவிடும். அதற்காகவே அப்பா விரல் நீளத்தில் இரண்டு மாதிரித் துண்டுகள் வெட்டி வைத்திருந்தார். மூலையின் இடப்பக்கத்துக்கு ஒன்று, அதன் பெயர் மாமியார். வலப்பக்கத்துக்கு ஒன்று, அது மருமகள். ரம்பத்தை இறக்கும் முன் உரிய துண்டைப் பட்டையோடு சேர்த்து வைத்துச் சரிபார்ப்பார்.

"தனியா விட்டா ரெண்டும் மூஞ்சியைத் திருப்பிக்கும். மூலையில வச்சா நடுவுல ஒரு பேப்பர் நுழையாது. உலகத்துலயே அவங்களைச் சேர்த்து வச்ச ஒரே ஆம்பிளை நான்தான்" என்று போகிற வீட்டிலெல்லாம் அளப்பார்.

அன்றைக்குத் துண்டை எடுத்துப் பார்க்கவில்லை. அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வாயைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கமா திருப்பி வெட்டணுமோ என்னவோ."

"யார்கிட்ட சொல்றே? கண்ணைக் கட்டிக்கிட்டு வெட்டுவேண்டி நான்."

ரம்பம் இறங்கி ஏறியது. அப்பா பட்டையைத் தூக்கிப் பார்த்தார். சாய்வு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது. மறுபடி வெட்டினால் சுவருக்குப் பட்டை போதாது.

"கண்ணைக் கட்டிக்கிட்டுதான் வெட்டியிருக்கீங்க" என்றாள் அம்மா. முதலில் சிரித்தது அப்பாதான்.

"நடுவுல ஒட்டுப் போட்டுடலாம்ப்பா. பெயிண்ட் அடிச்சா தெரியாது" என்றாள் மகள்.

"உங்கம்மாவுக்குத் தெரியும். ஆயுசுக்கும் படுத்த வாக்குல சொல்லிக் காட்டுவா. நாளைக்குக் கடைக்குப் போய் ஒரு நீளம் வாங்கிட்டு வந்துடறேன்."

மறுநாள் காலை முகம் கழுவப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்தார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் வாழ்க்கையே நாலு மூலைக்குள்தான் கழிந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் சேர்ந்தார். அம்மா அங்கே வந்தது சண்டை போட. அவள் கொடுத்த படத்தின் சட்டத்தில் ஒரு மூலை இளித்துக்கொண்டிருந்தது. திரும்பி வரட்டும் என்று வேண்டுமென்றேதான் அப்படி விட்டேன் என்பது அப்பாவின் கட்சி. அப்போது அவருக்கு வேலையே தெரியாது என்பது அம்மாவின் கட்சி. கடைசிவரை அந்த வழக்கு தீரவில்லை. பிறகு சின்னச் சட்டத்திலிருந்து பெரிய சட்டத்துக்கு வந்தார்: அறைகள், கூடங்கள், மற்றவர்களின் கூரைகள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அம்மாவின் அறையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். சித்தப்பா வாய்விட்டே கேட்டார்.

"ஒரு பக்கம் விட்டுப்போச்சே அண்ணி. ஆள் அனுப்பி முடிச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம் தம்பி. அவர் வாங்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கார்."

சித்தப்பா தலை குனிந்துகொண்டார்.  சில நாளில் மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திறந்த பக்கத்தைப் பார்த்தபடி அம்மா தனியாகப் படுத்திருப்பாள். காத்திருப்பாளா, குறை சொல்வாளா, இரண்டில் எது என்று தெரியவில்லை.

வீடு காலியான பின் மகள் ரம்பத்தைத் துடைத்து மூடப் போனாள். மேசையில் மாமியார் துண்டு மட்டும் இருந்தது. மரத்தூளைக் கிளறினாள், மேசைக்கு அடியில் பார்த்தாள். மருமகளைக் காணோம். கடைசியில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டையைத் தொட்டாள். பையில் கனமாக எதுவோ தட்டுப்பட்டது.

அதே துண்டு. அதே வளைவில் பட்டை வேண்டும் என்றால் கடைக்காரனுக்கு மாதிரி காட்ட வேண்டும். அன்று சாயங்காலமே எடுத்துப் போட்டு வைத்திருக்கிறார்.

அம்மா அதை வாங்கி, வளைவின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.

"சட்டையிலயா இருந்துது?"

"ஆமாம்மா. கடையில காட்டறதுக்கு."

அம்மா கூரையைப் பார்த்தாள்.

"அப்ப நிஜமாவே போறதாத்தான் இருந்திருக்கார்" என்றாள். "இதுவும் அடுத்த மாசம்தான்னு நெனச்சேன்."

துண்டை மகள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நீ போய் வாங்கிட்டு வந்து ஒட்டு. ரெண்டு நீளமா வாங்கு. ஒண்ணை எப்படியும் உங்கப்பா..."

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. மகள் அந்த முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்தபோது கடை அடைக்கும் நேரமாகிவிட்டது.

துண்டை அதே பையில் போட்டுச் சட்டையை அதே ஆணியில் மாட்டினாள். அப்பா போயிருக்க வேண்டிய கடைக்கு நாளைக்குப் போக வேண்டும்.