துணி இல்லாத நாற்பது அடி

காலையில் டீ குடித்த கையோடு பூக்காரர் கடற்சுவருக்குப் பின்னால் ஓடும் மண் பாதைக்கு வந்துவிடுவார். கையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. அதன் முனையைத் தரையில் ஊன்றி, உள்ளங்கை இரண்டாலும் மேலிருந்து அழுத்துவார். கம்பி இறங்கி நின்றதும் குனிந்து, தரையோடு தரையாக அதைக் கட்டைவிரலால் பிடிப்பார். பிடித்த விரலை விடாமல் உருவி, கம்பியைத் தன் காலோடு சேர்த்து நிறுத்திப் பார்ப்பார். விரல் கெண்டைக்காலில் நின்றால் நிம்மதி. கம்பியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு ஆறு எட்டு நடந்து அடுத்த இடம். மொத்தம் ஏழு இடங்கள். ஐந்தாவது இடத்தில் மட்டும் இரண்டு தடவை ஊன்றுவார். முதல் தடவை பார்த்ததைக் கண் ஒப்புக்கொள்ளாது.

மீன் கூடையோடு போகிறவர்கள், "என்ன பூக்காரரே, கடலுக்கு ஊசி போட்டாச்சா?" என்று கேட்பார்கள்.

"போட்டாச்சு. காய்ச்சல்தான் இறங்கல" என்பார்.

அவர் பூ விற்றவர் இல்லை. கிரேன் ஓட்டியவர். நாலு டன் பாறையைத் தூக்கி, ஆட்டம் அடங்கும்வரை ஒரு மூச்சு நேரம் அந்தரத்தில் நிறுத்தி, பிறகு பூ வைப்பதுபோல் வைப்பார். அதைப் பார்த்துக் கூட்டாளிகள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்தது அடையாள அட்டையோடு சரி.

கடல் இரண்டு தெருக்களை விழுங்கிய பிறகு, ஏழு வருடங்களுக்கு முன்னால் எழுந்த சுவர் அது. சுவர் என்றால் சிமெண்டுப் பூச்சு எதுவும் கிடையாது. பாறை மேல் பாறை. அலை அதில் மோதிச் சிதறும்போது ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மூன்றாம் வருடம் சுவருக்கு முன்னால் இருந்த மணல் ஒரு பிடி இல்லாமல் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணல் போனால் என்ன, வீடு இருக்கிறதே.

அவர் தங்கை ஒரு படி மேலே போனாள். சுவர் நின்றதும் அதன் முதுகை ஒட்டியே வீட்டைக் கட்டினாள். "எங்க அண்ணன் வச்ச கல்லு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவாள். அவள் வீட்டுக் கொல்லைக்கும் சுவருக்கும் நடுவில்தான் அந்த ஐந்தாவது இடம்.

கம்பி சொல்லும் சேதியின் காரணத்தை அவரைத் தவிர அறிந்தவர் சுவர் வேலையின் மேற்பார்வையாளர் ஒருவர்தான். அவரும் வேறு கடற்கரைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பாறைகளுக்கு அடியில் கம்பளி போல ஒரு வெள்ளைத் துணி விரிப்பார்கள். தண்ணீரை விடும், மண்ணை விடாது. அலை பாறை இடுக்கில் புகுந்து திரும்பும்போது பின்னாலிருக்கும் மண்ணைக் கூட்டிக்கொண்டு போகாமல் தடுப்பது அதுதான். கடைசி நாற்பது அடிக்குத் துணி போதவில்லை. இரண்டு சுருள் குறைந்தது. மறுநாள் அமாவாசை அலை. துணி வர ஒரு வாரம் ஆகும், கல்லை வையுங்கள் என்றார் மேற்பார்வையாளர்.

பூக்காரர் வைத்தார். சும்மா வைக்கவில்லை. துணி இல்லாத குறையை எடை ஈடுகட்டட்டும் என்று, குவியலில் இருந்ததிலேயே பெரிய பாறைகளாகப் பொறுக்கி அந்த நாற்பது அடிக்கு வைத்தார். கிரேன் பிடித்த கைக்கு அப்படித்தான் புத்தி போகும். பெரிய பாறைகளுக்கு நடுவே பெரிய சந்து விழும், பெரிய சந்தில் மண் இன்னும் சுளுவாகப் போகும் என்பது அவருக்கு உறைத்தபோது தங்கை வீட்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

சுவர் கட்டிய அலுவலகத்துக்கு இரண்டு முறை போனார். அவர்கள் வந்து பார்த்தார்கள். கல் ஓர் அங்குலம் நகரவில்லை, நல்ல வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். துணி விஷயத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஐந்தாவது இடத்தில் கம்பி முதல் வருடம் முழங்கால், போன வருடம் தொடை, இந்த மாதம் இடுப்பு.

வீடும் சொல்லத் தொடங்கியிருந்தது. கொல்லைக் கதவு நிலையில் உரசியது. துணி துவைத்த தண்ணீரைக் கொட்டினால் கொட்டிய இடத்திலேயே மாயம். அதைத் தங்கை பெருமையாகச் சொன்னாள்: "நம்ம கொல்லையில மட்டும் சேறே கிடையாதுண்ணே." குறை என்று ஒன்றைத்தான் சொல்வாள். சமையலறைக் கூரை ஒழுகுகிறது. வீடு கட்டும்போதே அவள் கணவர் தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவே கனமாக என்னவோ விரித்தாராம். அப்படியும் சல்லடைதானாம். கணவர் சுவர் வேலையின்போது சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். அதிகம் பேசாத மனிதர்.

கம்பி விலா எலும்பைத் தொட்ட அன்று பூக்காரர் நேராகத் தங்கை வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். அவளும் கணவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பௌர்ணமிக்கு நாலு நாள் இருக்கிறது, அதற்குள் வீட்டைக் காலி பண்ணுங்கள் என்றார்.

தங்கை சிரித்தாள். "நீ வச்ச கல்லு அசையுமாண்ணே?"

"கல்லு அசையாது. கல்லுக்குப் பின்னாடி மண்ணு இல்ல."

"யாரு சொன்னா?"

"நான்தான் வச்சேன், எனக்குத் தெரியாதா? இந்த நாற்பது அடிக்கு அடியில துணி கிடையாது. ரெண்டு சுருள் குறைஞ்சுது."

கணவரின் கை தட்டிலேயே நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

தங்கை எழுந்தாள். ஏழு வருடம் பச்சைப் பிள்ளைகளை இதன் மேல் படுக்க வைத்தேனே, அப்போதெல்லாம் உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது என்று கேட்டாள். கம்பியை அண்ணன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். "எங்கே, காட்டு."

அவர் இடத்தைக் காட்டினார். அவள் ஊன்றி அழுத்தினாள். முழங்கால் அளவு இறங்கியது, இடுப்பு அளவு இறங்கியது, மார்பளவு இறங்கியது. பிறகு கம்பியை யாரோ கீழேயிருந்து வாங்கிக்கொண்டதுபோல அவள் கையைவிட்டு நழுவி முழுதாக உள்ளே போனது. தரையில் ஒரு காசு அளவுக்குத் துளை. ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

தங்கை துளையைப் பார்த்துக்கொண்டே பின்னுக்கு நடந்தாள். வீட்டுக்குள் போய் முதலில் பிள்ளைகளின் பள்ளிப் பைகளைக் கொண்டுவந்து தெருவில் வைத்தாள். அண்ணனுக்குக் கட்டிலின் மறுமுனையைக் கண்ணால் காட்டினாள். அவர் தூக்கினார்.

இரண்டு நாளில் சாமான் எல்லாம் போய்விட்டது. கணவர் மட்டும் சமையலறைக் கூரையைப் பிரிக்க வேண்டும் என்று ஏணியைச் சாத்தினார். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றார், தானே பிரித்துக்கொள்கிறேன் என்றார். "ஓட்டைத் தகரத்துக்காக உசிரை விடப் போறீங்களா?" என்று தங்கை சட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள், நல்ல வெயிலில், பன்னிரண்டு மணிக்கு வீடு உள்ளே போனது. இடிந்தது என்று சொல்ல முடியாது. முட்டிபோட்டு உட்கார்ந்தது, பிறகு இல்லை. புழுதி அடங்கியதும் பள்ளத்துக்கு அப்பால் சுவர் தெரிந்தது. ஒரு பாறைகூட இடம் மாறாமல், அவர் வைத்தது வைத்தபடி நின்றது. கூடியவர்களில் ஒருவர், என்ன இருந்தாலும் பூக்காரர் வேலை வேலைதான் என்றார். பூக்காரர் அங்கிருந்து போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளத்தைத் தூர்க்க வந்தவர்கள் இடிபாட்டை வாரி எடுத்தார்கள். சமையலறைக் கூரை மொத்தமாக மேலே வந்தது. தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே, கம்பளி போன்ற வெள்ளைத் துணி, இரண்டு சுருள். ஓரத்தில் கிடங்கின் சிவப்பு முத்திரை அழியாமல் இருந்தது. துணி நிறையக் கடல் மணல். அதைத் தூக்கி நிறுத்தியபோது தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது, மணல் ஒரு பிடிகூடச் சிந்தவில்லை.